சுறாக்காவும் நாய் டாக்டரும்

துறைமுகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சுறாக்கா. கிண்டலுக்கு வைத்ததுதான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐஸ் உடைக்கிறவர்கள் அவள் வருவதைப் பார்த்ததும், "சுறாக்காவா, சுரைக்காயா?" என்று தங்களுக்குள் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். அவளும் சிரித்துவிட்டுக் கடந்து போவாள். கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு, டயர் கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்து, கடல்காப்புச் சங்கம் என்று பலகை மாட்டியவளுக்கு இந்தக் கேலியெல்லாம் உறைக்காது.

படகுக்காரர் வீட்டுப் பெண் அவள். அப்பாவின் படகை இப்போது தம்பி ஓட்டுகிறான். சின்னப் பெண்ணாக அவள் துறைமுகத்தில் ஓடித் திரிந்த காலத்தில், பெரிய சுறா ஒன்றைத் தராசுக்கு இழுத்து வர நாலு ஆள் வேண்டும். இப்போது ஒரே ஆள் கைக்கு இரண்டாக வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறான். கடலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சுறாவின் துடுப்புக்குத்தான் நல்ல விலை, உடலுக்கு அவ்வளவு மதிப்பில்லை. அதனால் சில படகுகள் நடுக்கடலிலேயே துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு மீனைத் திரும்பத் தண்ணீரில் தள்ளிவிடும். நீந்த வழியில்லாமல் அது அடியில் போய்க் கிடந்து சாகும். சுறாக்கா கேட்ட சட்டத்தில் இரண்டே விஷயங்கள்தான் இருந்தன. பிடித்த சுறாவை முழு உடலோடுதான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஊருக்கு வடக்கே இருக்கிற விரிகுடாவுக்குச் சுறாக்கள் குட்டி போட வரும் மாதங்களில் அங்கே யாரும் வலை போடக் கூடாது.

முதல் தடவை மனு சட்டமன்றக் குழுவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. குழுத் தலைவர் நல்ல மனிதர், டீ கொடுத்து உட்கார வைத்துத்தான் பேசினார். உங்கள் சங்கத்தில் எத்தனை பேர் என்று விசாரித்தார். அவளையும் சேர்த்து நாலு பேர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தப்பா நினைக்காதீங்கம்மா. நாயைக் காப்பாத்துன்னா தெருவே திரண்டு வரும். சுறாவுக்கு யாரு வருவா?"

மாடிப்படி ஏறி அறைக்குத் திரும்பும்போதும் அவள் மனசில் அந்தப் பேச்சே ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் விளையாட்டாகச் சொன்னாலும் வழி காட்டிவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. தெரு திரளுமென்றால் தெருவைத் திரட்டத் தெரிந்தவர்களிடம் போக வேண்டியதுதானே?

பறவைகளுக்காக ஓர் அமைப்பு இருந்தது, வண்டிக் குதிரைகளுக்காக ஒன்று இருந்தது. அவர்களைப் பார்த்தாள், இரண்டு அமைப்புக்காரர்களும் சரி என்றார்கள். ஆனால் பெரிய கை என்றால் அது நாய்க் காப்பகம்தான். அங்கிருந்து நாயோ பூனையோ வாங்கிப்போய் வளர்க்காத தெரு ஊரில் கிடையாது. அதை நடத்துகிற அம்மா ஒரு கால்நடை மருத்துவர். ஊர் முழுக்க நாய் டாக்டர் என்றால்தான் தெரியும். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம் என்று பறவைக்காரர்கள் எச்சரித்து அனுப்பினார்கள்.

சுறாக்கா போனபோது நாய் டாக்டர் முட்டிவரை பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, சொறி பிடித்த நாய் ஒன்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். வளாகமெங்கும் பினாயில் வாடை. கூண்டுக்குக் கூண்டு குரைப்பு. வந்தவள் யார் என்றுகூடக் கேட்காமல், "இதைப் பிடிங்க" என்று தண்ணீர்க் குழாயை அவள் கையில் திணித்தார். அவளும் பிடித்துக்கொண்டு, குரைப்புக்கு மேலே கத்திக் கத்தி வந்த காரியத்தைச் சொன்னாள்.

டாக்டர் நாயின் காதுக்குப் பின்னால் தேய்த்தபடியே மறுத்தார். மீன் தன் சங்கதி இல்லை, நாய் பூனை என்றால் முகத்தைப் பார்க்கும், வலித்தால் சொல்லும், மீன் எதைச் சொல்லும், அதிலும் சுறாவைப் பார்த்தாலே தனக்குக் குலை நடுங்கும் என்றார். அவள் விவாதம் பண்ணவில்லை. துடுப்பை அறுக்கிற விதத்தை மட்டும் விவரித்தாள்.

டாக்டரின் கை நின்றது. "உயிரோடவா?"

"உயிரோடதான்."

நாய் உடம்பை உதறி இரண்டு பேர் மேலும் சோப்பு நுரையைத் தெறிக்கவிட்டது. டாக்டர் துடைத்துக்கொள்ளவில்லை. உங்கள் சங்கத்துக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு வேலை சூடு பிடித்தது. டயர் கடை மாடிக்கு ஆட்கள் வந்து போகிற வேகத்தைப் பார்த்து, கடைக்காரர் மேலே என்ன வியாபாரம் என்று கேட்டனுப்பினார். காப்பகத்தின் இளைஞர்கள் வீடு வீடாகப் போனார்கள். நாய் வளர்க்கிறவர்கள் சுறாவுக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். "எங்க வீட்டு நாய் மேல சத்தியமா, அந்த மீனை நான் டிவியிலதான் பார்த்திருக்கேன், ஆனாலும் பாவம்தான்" என்று ஒரு பாட்டி சொன்னதைச் சுறாக்கா பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்போதுதான் சுவரொட்டி வந்தது.

ஒரு நாள் காலை தம்பியிடமிருந்து போன் வந்தது. அவன் திட்டவில்லை. "பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்ச் சுவரைப் பாருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

போய்ப் பார்த்தாள். காப்பகத்தின் பெயரோடு பெரிய சுவரொட்டி. படகின் மேல்தட்டில் ஒரு சுறா, அதன் பக்கத்தில் கையெல்லாம் ரத்தமாக ஒரு ஆள் நிற்கிறான். மேலே கொட்டை எழுத்தில், 'இவர்தான் கொலைகாரர்'. அந்த ஆள் அவளுடைய தம்பி. எங்கேயோ யாரோ எடுத்த படம், காப்பகத்துப் பையன்கள் இணையத்திலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார்கள். தம்பி மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். வகுப்பில் அவளைக் கொலைகாரன் மகள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளை பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சுறாக்கா அங்கிருந்து நேரே காப்பகத்துக்குப் போனாள். டாக்டர் பூனை ஒன்றுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். முடியும்வரை ஓரமாக நின்றாள். முடிந்ததும், சுவரொட்டி அத்தனையையும் இன்றைக்கே கிழிக்க வேண்டும் என்றாள். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. படம் உண்மையான படம்தானே, ரத்தம் உண்மையான ரத்தம்தானே என்று கேட்டார்.

"அந்தப் படகுல துடுப்பு அறுக்கற வழக்கமே கிடையாது, டாக்டர். முழு மீனைத்தான் கரைக்குக் கொண்டு வர்றான். அவன் என் தம்பி."

டாக்டர் கையுறையைக் கழற்றியவர் அப்படியே நின்றார். இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொல்லியிருந்தால் சேர்ந்திருப்பீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. சேர்ந்திருக்க மாட்டேன் என்றார்.

சுவரொட்டிகள் சாயங்காலத்துக்குள் கிழிந்தன. ஆனால் அவள் அதோடு விடவில்லை. தம்பியின் முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றாள். மீன் பிடிக்கிறவனிடம் போய் நான் தலை குனிவதா என்று டாக்டர் முறுக்கிக்கொண்டார். சுறாக்கா குரலை உயர்த்தவில்லை. "உங்க ஆளுங்களோட கையெழுத்து இல்லாம இந்தச் சட்டம் வராதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்றேன். நீங்க வரலைன்னா நான் தனியாவே போறேன். திரும்பவும் நாலு பேரா ஆரம்பிப்பேன்."

அவள் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே காப்பகத்து வேன் வந்து நின்றது. ஏறுங்கள் என்றார் டாக்டர்.

தம்பி துறைமுகத்தில் வலையைப் பிரித்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் சுற்றி வளைக்காமல், தப்பு தன்னுடையது என்று சொன்னார். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் வந்து சொல்கிறேன் என்றார். அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு அக்காவிடம்தான் பேசினான். "மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒரு நாள் கடலுக்கு வரச் சொல்லு. நாங்க என்ன பண்றோம்னு கண்ணால பார்த்துட்டு, அப்புறம் என்ன வேணா எழுதி ஒட்டட்டும்."

ஏரியில் படகு ஏறினாலே குமட்டுகிற ஆள் நாய் டாக்டர். இருந்தும், வருகிறேன் என்றார்.

வார்த்தை மாறாமல் வந்தும் சேர்ந்தார். படகு கரையைத் தாண்டியதிலிருந்து அவருக்கு வாந்திதான். விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. தம்பியும் கூட வந்த இரண்டு ஆட்களும் முதலில் கண்ணால் ஜாடை காட்டிச் சிரித்தார்கள். பிறகு பாவம் பார்த்து ஒருத்தன் தண்ணீர் கொடுத்தான். சுறாக்கா அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போகலாமா என்று தம்பியே கேட்டுவிட்டான். டாக்டர் பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டி, வேண்டாம் என்றார்.

விரிகுடாவின் வாயில் போட்டிருந்த வலையை இழுத்தார்கள். வலை கனத்தது. மூன்று பேர் முக்கி இழுத்ததில் மீன்களோடு மீனாக ஒரு பெரிய சுறா மேல்தட்டில் வந்து விழுந்தது. இந்தப் பக்கம் அந்த அளவில் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. வலையில் சிக்கி மூச்சு முட்டி ஏற்கெனவே செத்திருந்தது.

டாக்டர் விளிம்பை விட்டுவிட்டு, முட்டி போட்டே நகர்ந்து அதன் பக்கத்தில் வந்தார். அதன் வாயிருந்த பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "கத்தி குடுப்பா."

"எதுக்கும்மா?"

"உள்ள அசையுது. சீக்கிரம்."

தம்பி இடுப்பிலிருந்த கத்தியை உருவிக் கொடுத்தான். எத்தனையோ நாய்களுக்குப் பிரசவம் பார்த்த கை அது. வயிற்றை மேலாக, குட்டியில் படாமல் கீறியது. உள்ளே முழங்கை நீளத்துக்குக் குட்டிகள், வாலோடு வாலாக அடுக்கி வைத்தாற்போல் இருந்தன. முதல் குட்டியை வெளியே எடுத்த டாக்டர் அதன் அடியில் தொங்கியதைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"தொப்புள்கொடிம்மா இது" என்றார் சுறாக்காவைப் பார்த்து. "நாய்க்குட்டிக்கு இருக்கிற மாதிரியே."

சுறாக்கா தலையை ஆட்டினாள். அவளுக்குத் தெரியும். கல்லூரியில் எத்தனை தடவை பலகையில் வரைந்து பாடம் நடத்தியிருப்பாள். ஆனால் அது வேறு, இது வேறு.

தொட்டியிலிருந்த மீனைக் கீழே கொட்டிவிட்டுக் கடல் தண்ணீரை நிரப்பினார்கள். சில குட்டிகள் உள்ளேயே செத்திருந்தன. உயிரோடு இருந்தவற்றை டாக்டர் கொடியை வெட்டி வெட்டிக் கொடுக்க, அவள் வாங்கித் தொட்டியில் விட்டாள். தம்பி படகின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டான். ஒவ்வொரு குட்டியாக இரண்டு கையிலும் ஏந்தித் தண்ணீருக்குள் பிடித்தான். செவுளில் தண்ணீர் ஓடும்படி மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினான். குட்டி சும்மா கிடக்கும். பிறகு வால் ஒரு வெட்டு வெட்டும், கை காலியாகிவிடும். கடைசிக் குட்டி ரொம்ப நேரம் அசையவில்லை. விட்டுவிடு என்று ஆள் ஒருத்தன் சொன்னான். தம்பி விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அதுவும் போனது.

திரும்பி வரும் வழியில்தான் அவன் வாயைத் திறந்தான். இந்த மாதங்களில் வயிற்றுப் பிள்ளையோடு அவை விரிகுடாவுக்கு வருவது கடலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும் என்றான். டாக்டர் கேட்டார், தெரிந்தும் ஏன் வலை போடுகிறீர்கள் என்று. குத்திக்காட்டுகிற தொனி அதில் இல்லை.

"நான் மட்டும் போடாம நின்னா என்ன ஆகும்? நாளைக்கு அடுத்த படகு அதே இடத்துல போடும். எல்லாரும் நின்னா நானும் நிப்பேன். ஆனா அந்த மாசமெல்லாம் எங்க வீட்டுல அடுப்பு எரியணுமில்ல, அதையும் உங்க சட்டத்துல எழுதுங்க."

சுறாக்கா அன்றைக்கே அதை எழுதினாள். விரிகுடாவை மூடும் மாதங்களில் படகுக்காரர்களுக்கு நிவாரணம் தர வேண்டும் என்று மூன்றாவது கோரிக்கையாகச் சேர்த்தாள். டாக்டரும் சொன்னபடி பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகள் எதிரில் நின்று, நான்தான் தப்புப் பண்ணினேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த நிவாரணக் கோரிக்கையாலும் ஒரு சண்டை வந்தது. கூட்டணிக் கூட்டத்தில் குதிரை அமைப்பின் செயலாளர் எழுந்தார். மீன் பிடிப்பதையே நிறுத்தச் சொல்ல வேண்டியவர்கள் மீன் பிடிக்கிறவர்களுக்குப் பணம் கேட்பது என்ன நியாயம் என்று வெளியேறினார். காப்பகத்து உறுப்பினர்கள் சிலரும் விலகினார்கள். நாய் டாக்டருக்கு அது பெரிய அடி. கூட அலைந்து வளர்த்த ஆட்கள் அவர்கள். அன்று மாடியில் எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டே, "போனவங்க போகட்டும். இருக்கிறவங்களை வச்சு ஜெயிப்போம்" என்றார். சுறாக்கா மிச்ச நாற்காலிகளை மடக்கி அவர் கையில் கொடுத்தாள்.

இரண்டாவது தடவை குழுவின் முன்னால் போனபோது கூடம் நிரம்பியிருந்தது. வெளியே நடைபாதையில் நாயோடு வந்தவர்கள் வேறு. தம்பி பேச வரவில்லை. ஆனால் படகு உரிமையாளர் சங்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி, எதிர்ப்பதில்லை என்ற முடிவுக்கு அவர்களைக் கொண்டு வந்திருந்தான். அதற்கு அவன் எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான் என்பதை அவன் மனைவி சொல்லித்தான் சுறாக்காவுக்குத் தெரியும்.

உறுப்பினர் ஒருவர் முதல் கேள்வியே இடக்காகக் கேட்டார். ஆளைக் கடிக்கிற மீனுக்கு ஆதரவாக ஒரு டாக்டரே வரலாமா? நாய் டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டி, தழும்பு தழும்பாக இருந்த முன்கையைக் காட்டினார்.

"என்னைக் கடிக்காத நாயே இந்த ஊர்ல இல்லைங்க. அதுக்காக நாயே வேண்டாம்னா சொல்றேன்? கடிச்ச கணக்கைப் பார்த்தா முதல்ல நாயைத்தான் ஒழிக்கணும். சுறா என்னை ஒரு தடவைகூடக் கடிச்சதில்லை."

கூடமே சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சுறாக்கா எழுந்து சுறாக்கள் குறைந்துபோன விதத்தைச் சொன்னாள், ஒரு பெண் சுறா தாயாவதற்கு எத்தனை வருஷம் பிடிக்கிறது என்று சொன்னாள். படகில் நடந்ததையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

இடைவேளையில் குழுத் தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முழு உடலோடு கொண்டுவர வேண்டும் என்பதை இன்றைக்கே நிறைவேற்றித் தருகிறேன், விரிகுடா விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள், நிவாரணம் என்றால் நிதித்துறை மூக்கை நுழைக்கும் என்றார். கைக்கு எட்டியது போய்விடுமோ என்று அவளுக்கு ஒரு கணம் பயம்தான். அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "குட்டியைப் பிறக்கவே விடாம, துடுப்பை வெட்டாம மட்டும் இருந்து என்ன பிரயோசனங்கய்யா? வேணும்னா மாசத்தைக் குறைங்க. அடியோட விடச் சொல்லாதீங்க." அவர் பெருமூச்சு விட்டார். உள்ளே போய் நெடுநேரம் பேசினார்கள். வெளியே நாய்கள் பொறுமை இழந்து குரைக்க ஆரம்பித்தன.

கடைசியில் வந்தது இதுதான்: துடுப்பு உடலோடு ஒட்டியிருந்தால்தான் சுறாவைக் கரையில் இறக்கலாம். விரிகுடா மூடப்படும், ஆனால் கேட்டதில் பாதிக் காலத்துக்கு. நிவாரணம் உண்டு, கேட்டதைவிடக் கம்மி. நாய் டாக்டர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை. மிச்சம் பாதி இருக்கிறதே என்ற நினைப்புத்தான் ஓடியது. தம்பியிடம் போனில் சொன்னாள். நிவாரணம் போதாது என்று குறைப்பட்டுக்கொண்டான். பிறகு, "அப்பா இருந்திருந்தா உன்னைத் திட்டியிருப்பாரு. அப்புறம் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பாரு" என்றான்.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. துறைமுகத்தில் ஒரே ஒரு ஆய்வாளர்தான். அவர் வருவதற்கு முன்பே விடியற்காலையில் சாக்குப் பைகளில் துடுப்புகள் இறங்கின. சங்கத்து நாலு பேரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சுறாக்கா மண்டையை உடைத்துக்கொண்டபோது, நாய் டாக்டர்தான் யோசனை சொன்னார். நாய் வளர்க்கிறவர்கள் எப்படியும் விடியற்காலையில் நடக்கத்தானே போகிறார்கள்? எங்கே நடந்தால் என்ன?

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். வங்கிக்காரர், தையல்காரம்மா, ஓய்வுபெற்ற தபால்காரர் என்று ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, படகுகள் வந்து சேரும் நேரத்தில் துறைமுகத் தளத்தில் இங்குமங்குமாக நடந்தார்கள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நடந்தார்கள். இத்தனை கண் இருக்கும்போது ஆய்வாளரும் நேரத்துக்கு வர ஆரம்பித்தார். ஒரு படகு பிடிபட்டது, கொஞ்ச நாளில் இன்னொன்று. இரண்டாவது சுறாக்காவின் சித்தப்பா மகனுடையது. புகார் கொடுத்தது அவள்தான். அந்த வீட்டில் அவளோடு பேச்சு நின்றுபோனது. அதை அவள் தாங்கிக்கொண்டாள்.

ஒரு காலை அவளும் டாக்டரும் தளத்தில் நின்று, விரிகுடாவின் மிச்சப் பாதியை எப்படிக் கேட்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பறவைக்காரர்களிடம் புதிய மனுவுக்கு ஆள் கேட்க வேண்டும், வெளியேறிய குதிரைக்காரரையும் போய்ப் பார்த்தால் என்ன என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தபால்காரரின் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அப்போதுதான் இறக்கிய கூடையில் வாயை வைத்தது. கூடை தம்பியுடையது.

"அக்கா, உன் ஆளு என் மீனைத் தின்னுது பாரு" என்று படகிலிருந்து கத்தினான் அவன்.

"சுறாவா?" என்று டாக்டர் திருப்பிக் கத்தினார்.

"இல்லம்மா, சின்ன மீனுதான்."

"அப்பத் தின்னட்டும்" என்றார் டாக்டர். ஐஸ் உடைக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சுறாக்கா தபால்காரரோடு சேர்ந்து நாயைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.